வெறுங்கால் ஓட்டமும் மெல்லடிச் சப்பாத்தும்: யாழ்ப்பாணத்தில் தொடங்குவோருக்கான கேள்வி பதில்

வெறுங்காலோடு ஓடிப் பார்க்க நினைப்பவர்களும், தடித்த ஓட்டச் சப்பாத்தை விட்டு மெல்லிய அடிக்கு மாற நினைப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. குடாநாட்டு மண்ணையும் வெயிலையும் மழையையும் வைத்தே பதில் எழுதியிருக்கிறோம்.

மெல்லடிச் சப்பாத்து என்று எதைச் சொல்கிறீர்கள்?

சாதாரண ஓட்டச் சப்பாத்தில் குதியின் கீழ் 30 மில்லிமீற்றர் அளவுக்கு மெத்தை இருக்கும். முன்பாதத்தின் கீழ் அது அதைவிட 8 முதல் 12 மில்லிமீற்றர் குறைவாக இருக்கும். அதாவது, அதைப் போட்டுக்கொண்டு நிற்கும்போதே உங்கள் குதி உயர்ந்துதான் நிற்கிறது. மெல்லடிச் சப்பாத்தில் இந்த வித்தியாசம் 0 முதல் 4 மில்லிமீற்றர்தான். மொத்த அடியும் மெல்லியது. வெறுங்காலுக்குக் கிட்ட வரும் வகைகளில் 4 முதல் 10 மில்லிமீற்றர். ஒரு சப்பாத்து 200 கிராமுக்குள் நிற்கும், கையால் சுருட்டினால் சுருளும், விரல்கள் விரிய இடம் இருக்கும், உள்வளைவைத் தாங்கும் மேடு இருக்காது. விப்ரம் ஃபைவ்ஃபிங்கர்ஸ், விவோபெயர்ஃபூட், செரோ ஆகியவை இந்த வகை. அல்ட்ரா சப்பாத்துகளில் பலவற்றுக்குக் குதி வித்தியாசம் பூச்சியம், ஆனால் மெத்தை தடிப்பு. அது வேறு வகை.

நாங்கள் வீட்டுக்குள்ளும் கோயில் வீதியிலும் வெறுங்காலோடுதானே திரிகிறோம். நேரடியாக ஓடத் தொடங்கலாம்தானே?

இல்லை. இங்கே ஆட்கள் காயப்படுவதற்கு முதல் காரணம் இந்த எண்ணம்தான்.

நடக்கும்போது குதி முதலில் படும். ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கும். பாதத்தின் மேல் வரும் சுமை உடல் எடையைவிடக் கொஞ்சம்தான் கூட. ஓடும்போது ஒவ்வொரு ஊன்றலிலும் உடல் எடையின் இரண்டு மூன்று மடங்கு ஒரே காலில் இறங்குகிறது. வெறுங்காலோடு ஓடினால் பெரும்பாலும் முன்பாதம்தான் முதலில் படும். அந்தச் சுமையைக் கெண்டைக்கால் தசையும், குதிக்குப் பின்னால் உள்ள பெரிய நாணும், பாதத்தின் நீள எலும்புகளும் பிடித்து நிறுத்த வேண்டும். ஒரு கிலோமீற்றருக்குள் ஒவ்வொரு காலும் இதை ஐந்நூறு, அறுநூறு தடவை செய்கிறது. கோயில் வீதியை எத்தனை தரம் சுற்றி வந்தாலும் இந்தப் பழக்கம் கிடைக்காது.

குளிர் நாடுகளில் எப்போதும் சப்பாத்துக்குள் இருந்த பாதம் வெளியே வந்தால் தோல் உடனே எரியும். ஐந்து நிமிடத்தில் ஆள் நின்றுவிடுவார். அந்த எரிச்சல்தான் அவருக்குப் பிரேக். எங்கள் உள்ளங்கால் ஏற்கெனவே தடித்தது. முதல் நாளே மூன்று கிலோமீற்றர் ஓடினாலும் தோல் ஒன்றும் சொல்லாது. தோல் பழக இரண்டு மூன்று கிழமை போதும், தசைக்கு இரண்டு மாதமளவு, நாணுக்கும் எலும்புக்கும் அதைவிடக் கூட. புதிய சுமை வந்தால் எலும்பு முதலில் தன் பழைய பகுதியைக் கரைத்து, பிறகுதான் புதிதாகக் கட்டும். எனவே தொடங்கிச் சில கிழமைகள் கழித்து, எல்லாம் சரியாகப் போகிறது என்று தோன்றும் நேரத்தில்தான் அது பலவீனமாக இருக்கும். தோலைக் கேட்டு ஓடாதீர்கள். மணிக்கூட்டைப் பார்த்து ஓடுங்கள்.

மெல்லடிச் சப்பாத்திலும் இதே ஆபத்துத்தான். தோலை மூடிவிடுகிறது, எலும்பைக் காக்கவில்லை.

வெறுங்காலோடு ஓடினால் காயம் குறையும் என்கிறார்களே?

ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் டானியல் லீபர்மன் குழு 2010இல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. வெறுங்காலோடு ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தில் இறங்குகிறார்கள் என்றும், அப்போது குதி மோதும் திடீர் அதிர்ச்சி இல்லாமல் போகிறது என்றும் அது காட்டியது. காயம் குறையும் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனால் விளம்பரங்கள் அப்படித்தான் பேசின. ஃபைவ்ஃபிங்கர்ஸ் தயாரிக்கும் விப்ரம் நிறுவனம், தன் விளம்பரங்கள் தொடர்பான வழக்கொன்றை 2014இல் 37.5 இலட்சம் அமெரிக்க டொலருக்கு இணங்கித் தீர்த்தது, குற்றத்தை ஏற்கவில்லை. அதற்கு முந்திய ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில், 10 கிழமையில் அந்தச் சப்பாத்துக்கு மாறிய 19 பேரில் 10 பேருக்குப் பாத எலும்புக்குள் வீக்கம் கூடியிருந்தது ஸ்கானில் தெரிந்தது.

சுமை காணாமல் போவதில்லை, இடம் மாறுகிறது. முழங்காலுக்குக் குறையும், கணுக்காலுக்கும் கெண்டைக்கும் கூடும். முழங்காலின் முன்பக்கம் அடிக்கடி நோகிறவருக்கு இது உதவலாம். குதிநாண் ஏற்கெனவே நோகிறவருக்கு நோவைக் கூட்டும்.

யார் தொடங்கவே கூடாது?

சலரோகம் உள்ளவர்கள். பாதத்தில் உணர்வு குறைந்திருப்பது பலருக்குத் தெரியாது. திருவிழாக் காலத்தில் மத்தியான மணலில் கால் வெந்தும் தெரியாமல், வீட்டுக்கு வந்து கொப்புளத்தைக் கண்ட பிறகே விளங்குகிறது. நீங்கள் சலரோகத்துக்கு மருந்து எடுப்பவர் என்றால் கிளினிக்கில் பாத உணர்வைச் சோதித்துத் தரும்படி கேளுங்கள். மெல்லிய நைலோன் இழையால் பாதத்தின் பல இடங்களில் தொட்டுப் பார்க்கும் சோதனை அது, சில நிமிடங்களில் முடியும். உணர்வு குறைவு என்றால் வெறுங்கால் ஓட்டம் வேண்டாம். நடை கூட அடி உள்ள செருப்போடுதான்.

கால் இரத்த ஓட்டக் குறைபாடு, ஆறாத புண், எலும்புத் தேய்வு, கடந்த ஆண்டுக்குள் பாத எலும்பில் வெடிப்பு வந்தவர்கள் ஆகியோரும் வைத்தியரிடம் கேட்காமல் தொடங்கக்கூடாது.

எங்கே ஓடுவது நல்லது? மணல்தானே மெதுவாக இருக்கும்?

மணலில் தொடங்க வேண்டாம். கசூரினாக் கடற்கரையோ மணற்காடோ, காய்ந்த மணலில் குதி புதைந்து விரல்களைவிடக் கீழே போகும். ஒவ்வொரு அடியிலும் குதிநாண் முழு நீளத்துக்கு இழுபடும். ஈரமான, இறுகிய கரையோரம் பரவாயில்லை. ஆனால் அது கடலை நோக்கிச் சரிந்திருக்கும். ஒரே திசையில் ஓடினால் ஒரு இடுப்பும் ஒரு கணுக்காலும் கூட வேலை செய்யும். போன தூரமே திரும்பி வாருங்கள். கீரிமலை, காங்கேசன்துறைப் பக்கக் கரையில் முருகைக்கல் கிழிக்கும், அங்கே ஓட்டம் வேண்டாம்.

புல் மெத்தென்று இருக்கும், ஆனால் உள்ளே கிடப்பதை மறைக்கும். முற்றவெளி போன்ற திறந்த வெளிகளில் நெருஞ்சியும் பிசுங்கானும் (உடைந்த கண்ணாடித் துண்டு) புல்லுக்குள்ளேதான் கிடக்கின்றன. ஓடுவதற்கு முன் ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டு, அதே பாதையிலேயே ஓடுங்கள்.

தொடங்குவதற்கு எங்கள் தெரிவு ஆச்சரியமாக இருக்கலாம்: வழுவழுப்பான காப்பெற் வீதி, அதாவது புதிதாகத் தார் போட்ட வீதி. எங்கே என்ன கிடக்கிறது என்று பத்து அடி முன்னாலேயே தெரியும். கடினமான தரை பிழையான ஊன்றலை உடனே காட்டிக்கொடுக்கும். வாகனம் குறைந்த உள் வீதியைப் பிடியுங்கள், பிரதான வீதி வேண்டாம். எதிரே வரும் வாகனம் தெரியும்படி வலப்பக்கமாக ஓடுங்கள். வீதி ஓரம் சரிவாக இருந்தால் சரிவு தொடங்காத இடத்தில் கால் வையுங்கள். பண்ணைப் பாலத்து வீதி தட்டையாக, நேராக இருக்கும். ஆனால் கடற்காற்று எதிரே அடித்தால் ஆட்கள் முன்னுக்குச் சாய்ந்து விரலால் தள்ளத் தொடங்குவார்கள், கெண்டை இறுகிவிடும். அங்கே காற்றைப் பார்த்துத் தூரத்தைக் குறையுங்கள்.

கிரவல் ஒழுங்கை கடைசிக் கட்டம். பனங்காணிக்குள் ஓடவே வேண்டாம். காய்ந்த கருக்குமட்டை வாள் மாதிரி அறுக்கும்.

எந்த நேரம்?

காலை 6 முதல் 7.30 வரை. இருட்டில் போனால் பிசுங்கான் தெரியாது. 9 மணிக்குப் பிறகு தார் சுடத் தொடங்கிவிடும். மத்தியானத்தில் அதன் மேற்பரப்பு 50 பாகை செல்சியஸைத் தாண்டும். புறங்கையை வீதியில் ஏழு செக்கன் வையுங்கள். வைக்க முடியாவிட்டால் காலும் வைக்கக்கூடாது. மாலையில் காற்று குளிர்ந்த பிறகும் தார் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும்.

முதல் எட்டுக் கிழமை என்ன செய்வது?

தொடங்குவதற்கு முன் இரண்டு சோதனைகள். சுவரைப் பார்த்து நின்று, பெருவிரல் நுனியைச் சுவரில் இருந்து 10 சென்ரிமீற்றர் தள்ளி வையுங்கள். குதி தூக்காமல் முழங்காலைச் சுவரில் முட்ட வைக்க முடிய வேண்டும். முடியாவிட்டால் கணுக்கால் இறுக்கம். கெண்டையை நாள்தோறும் நீட்டி இளக்குங்கள். இரண்டாவது, ஒற்றைக் காலில் நின்று குதியை மேலே தூக்கி இறக்குவது. நிறுத்தாமல் 20 தடவை வர வேண்டும்.

1ஆம், 2ஆம் கிழமைகளில் ஓட்டமே இல்லை. நாளுக்கு 20 முதல் 30 நிமிடம் வெளியே வெறுங்கால் நடை. ஒரு நாள் விட்டு ஒரு நாள், படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து 15 தடவை வீதம் மூன்று முறை குதி தூக்குங்கள். இறக்குவதுதான் முக்கியம், மூன்று செக்கன் எடுத்து இறக்குங்கள்.

3ஆம், 4ஆம் கிழமைகளில் கிழமைக்கு மூன்று நாள், அடுத்தடுத்த நாள் இல்லாமல், 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை. நான்கு தரத்தில் தொடங்கி ஆறு தரத்துக்குப் போகலாம். 5ஆம், 6ஆம் கிழமைகளில் 2 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, ஐந்து தரம். 7ஆம், 8ஆம் கிழமைகளில் நிறுத்தாமல் 10 முதல் 12 நிமிடம். அதன் பிறகு கிழமைக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்ட வேண்டாம். நான்காவது கிழமை தோறும் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். 5 கிலோமீற்றருக்குப் போக நான்கு தொடக்கம் ஆறு மாதம் பிடிக்கும். இதைவிட வேகமாகப் போனவர்கள் உண்டு. பாத எலும்பு வெடித்து இரண்டு மாதம் வீட்டில் இருந்தவர்களும் அவர்களுக்குள்தான் கூட.

வழக்கமான சப்பாத்து ஓட்டம் நடுவில் தொடரட்டும். ஒரே நாளில் இரண்டும் என்றால் வெறுங்கால் முதலில், சப்பாத்து பிறகு. களைத்த கெண்டை குதியைத் தாங்காது.

கால் எப்படி ஊன்ற வேண்டும்? விரல் நுனியிலா?

விரல் நுனியில் இல்லை. முன்பாதத்தின் வெளிப்பக்க மொழி முதலில் பட்டு, பாதம் உள்ளே பரவி, குதி மெதுவாகத் தரையைத் தொட்டுவிட வேண்டும். குதியைத் தூக்கியே வைத்திருப்பது புதியவர்கள் செய்யும் பெரிய பிழை. கெண்டை ஒரு கணமும் ஓயாது, அடுத்த நாள் படி இறங்க முடியாது.

அடியைக் குறுக்குங்கள். கால் உடலுக்கு முன்னால் நீளாமல் இடுப்புக்குக் கீழேயே விழ வேண்டும். ஒரு நிமிடத்தில் எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று எண்ணி, அதைவிட 5 முதல் 10 சதவீதம் கூட்டினால் போதும். 160 அடி வைப்பவர் 168 முதல் 176 வரை போகலாம். எல்லோருக்கும் 180 என்று கட்டாயம் இல்லை. முழங்கால் சற்று மடிந்திருக்கட்டும். தரையைப் பின்னுக்குத் தள்ளாதீர்கள், காலைத் தூக்குங்கள். காதைக் கொடுத்துக் கேளுங்கள்: படார் படார் என்று சத்தம் வந்தால் பிழை.

கொப்புளம் வருகிறது. தோல் பழகவில்லையா?

பெரும்பாலும் ஊன்றல் பிழை. கொப்புளம் வந்த இடமே காரணத்தைச் சொல்லும். இரண்டாம் விரலுக்குக் கீழே முன்பாதத்தில் வந்தால் தரையைப் பின்னுக்குத் தள்ளுகிறீர்கள். விரல் நுனிகளில் வந்தால் விரலால் தரையைப் பற்றுகிறீர்கள். குதியில் வந்தால் காலை நீட்டி வைத்துப் பிரேக் போடுகிறீர்கள். பெருவிரலின் உள்பக்கம் என்றால் பாதம் ஊன்றிய பிறகு திருகுகிறது.

கொப்புளத் தோலை உரிக்க வேண்டாம். கழுவி, துடைத்து, பிளாஸ்ரர் போட்டு, ஆறும் வரை நடை மட்டும். பித்த வெடிப்பு உள்ளவர்கள் இரவில் குதிக்கு வாசலீன் பூசுங்கள். தடித்து வறண்ட தோல்தான் வெடிக்கும்.

எந்த நோவோடு ஓடலாம், எந்த நோவில் நிறுத்த வேண்டும்?

இரண்டு கெண்டையிலும் பொதுவான உளைவு, இரண்டு நாளில் போய்விடும்: சாதாரணம். அது போகும் வரை அடுத்த ஓட்டம் இல்லை.

காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முதல் அடியிலே உள்ளங்கால் குதிப்பக்கம் குத்துதல், குதிநாண் விறைப்பு: சுமையைப் பாதியாக்குங்கள். ஒரு கிழமையில் குறையாவிட்டால் நிறுத்தி இயன்மருத்துவரைப் பாருங்கள்.

பாதத்தின் மேற்பக்கத்தில் ஒரு விரல் நுனி வைக்கும் அளவு இடத்தில் அழுத்தினால் நோ, சிறு வீக்கம், ஓட ஓடக் கூடும் நோ: அன்றே நிறுத்துங்கள். இரண்டாம், மூன்றாம் விரல்களின் நீள எலும்பில் மயிரிழை வெடிப்பாக இருக்கலாம். முதல் இரண்டு மூன்று கிழமை எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போவது வழக்கம். ‘எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை’ என்ற பேச்சை நம்பி மறுபடி ஓடப் போனால் முழு முறிவாகும். எண்ணெய் போட்டு உருவுவதும் கூடாது.

இங்கே கிடைப்பதில் எதைப் போடலாம்? பாட்டாச் செருப்புப் போட்டு ஓடினால் என்ன?

பாட்டா வேண்டாம். கழன்று போகாமல் பிடிக்க விரல்கள் ஒவ்வொரு அடியிலும் மடங்கும். உள்ளங்கால் இறுகும், தடக்கியும் விழுவீர்கள்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடும் வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து மலிவான நல்ல தொடக்கம். அடி மெல்லிய தட்டை றப்பர், குதி உயரம் மிகக் குறைவு. முன்பக்கம் ஒடுக்கம் என்பதுதான் குறை. ஒரு அளவு பெரிதாக எடுத்து, உள்ளே உள்ள அட்டையைக் கழற்றினால் கொஞ்சம் இடம் வரும்.

வெளிநாட்டுச் சொந்தக்காரரிடம் சொல்லி எடுப்பிப்பவர்கள் இலக்கத்தை மட்டும் சொல்லாதீர்கள். பிரித்தானிய, ஐரோப்பிய, அமெரிக்க இலக்கங்கள் வேறு வேறு. மாலையில், பாதம் சற்று வீங்கியிருக்கும்போது, தாளில் ஏறி நின்று பேனையை நேராகப் பிடித்து இரண்டு பாதத்தையும் வரையுங்கள். நீளத்தையும் அகலமான இடத்தையும் மில்லிமீற்றரில் அளந்து அனுப்புங்கள். சப்பாத்தின் உள்நீளம் நீண்ட விரலைவிட 8 முதல் 12 மில்லிமீற்றர் கூட இருக்க வேண்டும். விரல் தனித்தனியாகப் புகும் வகை என்றால் போட்டுப் பார்க்காமல் வாங்கவே வேண்டாம்.

றப்பர் தகட்டில் நாங்களே செய்ய முடியுமா?

முடியும். மெக்சிக்கோவின் தராஹுமாரா மக்கள் ரயர் றப்பரில் செய்த செருப்போடு மலைப்பாதையில் ஓடுகிறார்கள். முறை எளிது. செருப்புத் தைப்பவரிடம் அடி மாற்றப் பயன்படும் 5 மில்லிமீற்றர் தட்டை றப்பர் வாங்குங்கள். ரயர் வளைந்திருக்கும், தொடங்குபவருக்கு வேண்டாம். பாதத்தை வரைந்து, கோட்டுக்கு 3 மில்லிமீற்றர் வெளியே வெட்டுங்கள். மூன்று துளை: ஒன்று பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில், மற்ற இரண்டும் கணுக்கால் மொழிக்குச் சற்று முன்னால், இரு பக்கமும், விளிம்பில் இருந்து 8 மில்லிமீற்றர் உள்ளே. விளிம்புக்குக் கிட்டத் துளைத்தால் கிழியும்.

காலுக்கு 1.8 மீற்றர் நைலோன் கயிறு. கீழிருந்து விரல் துளைக்குள் விட்டு முடிச்சை அடியில் நிறுத்தி, நெருப்புக் காட்டி உருக்கித் தட்டையாக்குங்கள். பிறகு வெளித்துளை, குதியின் பின்பக்கம், உள்துளை, கடைசியாகப் புறங்காலின் மேல் கட்டு. முதலில் தேய்ந்து அறுவது அந்த அடி முடிச்சுத்தான். கிழமைக்கு ஒருதரம் பார்த்து மாற்றுங்கள்.

முள்ளோ பிசுங்கானோ ஏறிவிட்டால்?

சவர்க்காரமும் ஓடும் நீரும் போட்டுக் கழுவி, வெளியே தெரிவதைச் சுத்தமான சாவணத்தால், ஏறிய அதே சாய்வில் வெளியே இழுத்து எடுங்கள். குண்டூசியால் கிண்ட வேண்டாம், சுடுஎண்ணெய் விட வேண்டாம். கடைசி ஏற்பு ஊசி போட்டு 10 ஆண்டு கடந்திருந்தால், மண் ஏறிய காயம் என்றால் 5 ஆண்டு கடந்திருந்தால், வைத்தியசாலையில் கேளுங்கள். ஈச்சம் முள் மூட்டுக்குப் பக்கத்தில் முறிந்து உள்ளே நின்றால் கிழமைகள் கழித்தும் மூட்டு வீங்கும். முள் ஏறிய கதையை அப்போது வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

மாரியில் ஓடலாமா?

ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை, வெள்ளம் நிற்கும் இடத்தில் வெறுங்கால் வேண்டாம். எலிக்காய்ச்சல் கிருமி சிறு கீறலால் உள்ளே போகும். 2024 டிசம்பரில் அது யாழ்ப்பாணத்தில் உயிர்களை எடுத்தது. வெள்ளத்தில் கால் வைத்த பிறகு காய்ச்சலும் கெண்டை நோவும் வந்தால், அதை ஓட்டத்தால் வந்த உளைவு என்று எண்ணி இருந்துவிடாதீர்கள். அன்றே வைத்தியரிடம் போங்கள். நாய்கள் படுக்கும் ஈர மணலில் கொழுக்கிப்புழுவின் குடம்பி இருக்கும். பாதத்தில் வளைந்து வளைந்து ஊரும் சிவந்த கோடு, தாங்க முடியாத கடி என்றால் அதுதான். மருந்து உண்டு.

இல்ல மெய்வல்லுநர் போட்டிக்குப் பிள்ளை வெறுங்காலோடு ஓடலாமா?

100, 200 மீற்றருக்குத் தாராளமாக. ஆனால் வருடம் முழுவதும் சப்பாத்தோடு திரிந்துவிட்டுப் போட்டிக்கு முதல் கிழமை கழற்றக்கூடாது. ஒரு மாதம் முன்பே பயிற்சியில் பழக்குங்கள். ஓடுபாதைக் கோட்டுச் சுண்ணாம்பு ஈரக் காலில் எரிக்கும், ஓடி முடிந்ததும் கழுவிவிடுங்கள். உலக தடகளச் சங்க விதிகளும் வெறுங்காலையோ ஒற்றைக் காலில் சப்பாத்தையோ தடுப்பதில்லை.

எத்தியோப்பிய ஓட்டவீரர் அபேபே பிக்கிலா வெறுங்காலோடு மரதன் வென்றாரே?

வென்றார். 1960 ரோம் ஒலிம்பிக், 2 மணி 15 நிமிடம் 16 செக்கன். கிடைத்த சப்பாத்து காலுக்குச் சரிவராததால் வெறுங்காலைத் தெரிந்தெடுத்தார். பயிற்சியிலும் அப்படி ஓடிப் பழகியவர் அவர். 1964 தோக்கியோவில் சப்பாத்துப் போட்டு ஓடி, அதைவிட மூன்று நிமிடம் விரைவாக மறுபடி வென்றார்.

அப்படியென்றால் பழைய சப்பாத்தை எறிந்துவிடலாமா?

வேண்டாம். நீண்ட ஓட்டத்துக்கும், கிரவல் ஒழுங்கைக்கும், மழைக்கும், களைத்த நாளுக்கும் அது தேவை. கிழமையில் ஒன்றிரண்டு நாள் மட்டும் வெறுங்காலோடு ஓடி, மீதியைச் சப்பாத்தோடு ஓடுபவருக்கும் பாதம் பலப்படும், ஊன்றல் திருந்தும். முழுவதுமாக மாறத்தான் வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. 12 மில்லிமீற்றர் குதி உயரத்தில் இருந்து இறங்குகிறவர் நடுவில் 4 முதல் 6 மில்லிமீற்றர் உள்ள சப்பாத்து ஒன்றில் மூன்று மாதம் ஓடிவிட்டு வந்தால் குதிநாணுக்கு நல்லது.